இடுப்புக்குக் கீழே எந்த ரேசர்? ஆண்களுக்கான அந்தரங்க மழிப்புக் கருவிகள்: ஓர் அலசல்

ஐந்து பிளேடு ரேசர் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அதையே இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால் மூன்றாம் நாள் சிவப்புச் சிவப்பாகப் பொரி கிளம்பும். உட்கார்ந்தால் குத்தும், நடந்தால் உரசும். இதனால் அது மட்டமான ரேசர் என்று ஆகிவிடாது. தாடிக்குச் செய்த சாமானைத் தாடியே இல்லாத இடத்தில் போட்டதுதான் கோளாறு. கடையில் நிற்கும்போது எது நல்ல ரேசர் என்று கேட்பதைவிட, எந்த இடத்துக்கு எது என்று கேட்டால் பாதிக் காசும் முக்கால்வாசி எரிச்சலும் மிச்சம்.

அந்தரங்க முடி தடிமன், அதோடு சுருள். சுருள் முடியைத் தோலோடு ஒட்ட வெட்டினால் கூரான நுனி வளைந்து திரும்பித் தோலையே குத்தப் பார்க்கும். பல பிளேடு ரேசர் இதற்கு வழி செய்து கொடுக்கிறது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் இழுத்து வெட்டும். இழுபட்ட முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு இன்னொரு தடவை வெட்டும். மிச்சம் இருக்கும் அடிமுடி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். கன்னத்தில் இதைத்தான் மழமழப்பு என்று விளம்பரம் செய்கிறார்கள். கீழே அதே முடி வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வீங்குகிறது.

தோலும் ஒரே மாதிரி இல்லை. அடிவயிற்றுக்குக் கீழே உள்ள மேடு ஓரளவு தட்டையானது, இழுத்துப் பிடித்தால் நிற்கும். தொடையிடுக்கு மடிப்பும் வியர்வையும் உராய்வும் சேர்ந்த இடம். விதைப்பை மெல்லிய தோல், அடியில் எலும்பு கிடையாது, சுருக்கம் நிறைய, குளிருக்கும் சூட்டுக்கும் தானாகச் சுருங்கி விரியும். இந்த மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று விற்பவர் சொல்லலாம், வாங்குபவர் நம்பத் தேவையில்லை.

2017-ல் ஜாமா டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வொன்று, அந்தரங்க முடியை எடுப்பவர்களில் சுமார் நாலில் ஒருவர் ஒரு தடவையாவது காயப்பட்டிருப்பதாகக் கண்டது. அதில் பெரும்பங்கு வெட்டுக்காயம். ஆண்களில் அதிகம் அடிபட்ட இடம் விதைப்பை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலும் வேறு கோணத்திலிருந்து இதே பக்கம்தான் வருகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் முடியை ரேசரால் மழிக்காதீர்கள், எடுத்தே தீரவேண்டும் என்றால் டிரிம்மர் போன்ற கிளிப்பர் போடுங்கள் என்கிறது. மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமிக்கு அதுவே வாசல்.

எனவே எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேட்டுப்பகுதிக்கு ஒற்றை பிளேடு ரேசர். விதைப்பைக்கும் மடிப்புகளுக்கும் டிரிம்மர் மட்டும். முழுக்க வழுவழுவென்று வேண்டாம், குட்டையாக இருந்தால் போதும் என்பவருக்கு ரேசரே தேவையில்லை. மருத்துவக் காரணத்துக்காக எடுத்தே ஆகவேண்டிய முடியும் இல்லை இது. விருப்பம், பழக்கம், மதம் என்று அவரவர் காரணம்.

இனி ஒவ்வொன்றாக.

ஜில்லெட் கார்டு

மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கும் இந்த எளிய ரேசருக்குத்தான் இங்கே முதல் இடம். 2010-ல் இந்தியச் சந்தைக்கென்றே வந்தது. அப்போது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். இன்று விலை ஏறியிருந்தாலும், கழற்றி மாட்டும் கம்பெனி பிளேடுகளில் மலிவானவற்றில் இதுவும் ஒன்று. குழாயில் தண்ணீர் ஓடாத வீட்டில், ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு ஷேவ் செய்பவரை மனதில் வைத்து வடிவமைத்தார்கள். அதனால் பிளேடுக்குப் பின்னால் திறந்த வெளி அதிகம், முடி அடைத்தால் ஒரு முக்கில் போய்விடும். தடித்த முடி கொட்டும் இடத்தில் இது பெரிய சௌகரியம். பிளேடுக்கு முன்னால் இருக்கும் சீப்புப் பற்கள் தோலைத் தட்டையாக அமுக்கிக் கொடுக்கின்றன. ஒரே பிளேடு என்பதால் முடி தோல் மட்டத்திலேயே வெட்டுப்படுகிறது, உள்ளே இறங்குவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. கைப்பிடி எடையே இல்லாத பிளாஸ்டிக், ஈரக் கையில் நழுவும். கன்னம் போல மழமழப்பு வராது, தடவினால் சொரசொரப்பு தெரியும். அந்தச் சொரசொரப்புதான் பொரி வராமல் காப்பாற்றுகிறது என்பதால் அதைக் குறையில் சேர்க்க மனம் வரவில்லை. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். கார்டு 3 என்று இன்னொன்று உண்டு, அது மூன்று பிளேடு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

பழைய பாணி இரட்டை முனை ரேசர்

டோபாஸ், செவன் ஓ கிளாக் பிளேடு போட்டுத் திருகி மூடும் உலோக ரேசர். வெட்டு சுத்தம், பிளேடு சில ரூபாய்தான், ஒவ்வொரு தடவையும் புது பிளேடு போட்டாலும் பர்ஸ் கனக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைச் சிபாரிசு செய்யத் தோன்றும். ஆனால் தலை அசையாது, கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். தோலுக்குச் சுமார் 30 பாகைச் சாய்வு. முகத்தைக் கண்ணாடியில் நேராகப் பார்த்துப் பிடிக்கும் கோணத்தை, குனிந்து தலைகீழாகப் பார்த்துக்கொண்டு பிடிக்க முடியாது. முகத்துக்கு இதையே வருடக்கணக்காகப் பயன்படுத்துபவர் மேட்டுப்பகுதிக்கு மட்டும் எடுக்கலாம். பிளேடு இடைவெளி குறைந்த, மூடிய சீப்பு வகை (விளிம்பில் திறந்த பற்கள் இல்லாதது) வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது வேண்டாம். விதைப்பைக்கு யாருக்குமே வேண்டாம்.

ஸ்கின்கார்டு, மாக் 3, ஃப்யூஷன்

ஜில்லெட்டின் இந்த மூன்றில் ஸ்கின்கார்டு ஒன்றுதான் தேறுகிறது. இரண்டே பிளேடு, நடுவே ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு தோலைத் தாங்கிப் பிடிப்பதால் பிளேடின் அழுத்தம் குறைகிறது. தாடியில் பொரி வருபவர்களுக்காகச் செய்தது என்பதால் கீழேயும் அதே தர்க்கம் பொருந்தும். முதலில் சொன்ன ஜில்லெட் கார்டு கிடைக்காதபோது இது அடுத்த தேர்வு. விலை மட்டும் உறுத்தும்.

மாக் 3 வழுக்குப் பட்டை புதிதாக இருக்கும் வரை சுகம். முடியை முன்கூட்டியே குட்டையாக்காமல் எடுத்தால் இரண்டே இழுப்பில் அடைத்துக்கொள்ளும். ஃப்யூஷனில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. மீசை ஓரம் ஒதுக்குவதற்காகத் தலையின் பின்பக்கம் தனியாக ஒரு பிளேடு வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தை ஓட்டும்போது தொடை மடிப்பில் பின்பக்க பிளேடு உரசுவது தெரியவே தெரியாது. ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். தலையும் அகலம், எங்கே வெட்டுகிறோம் என்பதையே மறைத்துவிடும்.

வெட்டித் தூக்கிப்போடும் இரட்டை பிளேடு ரேசர்கள் ஊர்ப் பயணத்துக்கு ஆகலாம். பெரும்பாலானவற்றில் பிளேடுகளுக்கு இடையே சந்து குறைவு, நுரையும் முடியும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும். அடைத்த ரேசரை அமுக்கி இழுத்தால் காயம்தான்.

ஃபிலிப்ஸ் ஒன்பிளேடு

ரேசருக்கும் டிரிம்மருக்கும் நடுவில் நிற்கும் சாமான். பற்கள் கொண்ட சிறு தகடு நொடிக்கு 200 தடவை இடவலமாக அசைகிறது. தோலைத் தொட்டாலும் ஒட்ட வழிப்பதில்லை, கைக்குக் குத்தும் அளவுக்கு அடிக்கட்டை மிஞ்சும். உள்வளரும் முடி வராமல் இருப்பதற்கு அதுவே போதும். வாங்கினால் முகம் மட்டும் என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, முகமும் உடம்பும் சேர்ந்த பெட்டியை எடுங்கள். அதில்தான் தோல் காப்பு மூடியும் உடம்புக்கான 3 மி.மீ. சீப்பும் கிடைக்கும். விதைப்பைக்கு அந்த மூடி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

ஒரு பிளேடு நான்கு மாதம் வரும் என்பது கம்பெனிக் கணக்கு, வாரம் இரண்டு முறை முகம் ஷேவ் செய்பவருக்கு. தடித்த முடியில் அதற்கு முன்பே மழுங்கும். முடியை வெட்டாமல் இழுக்க ஆரம்பித்தால் மாற்றவேண்டிய நேரம். மாற்று பிளேடு சில நூறு ரூபாய், முகத்துக்கும் கீழேயும் தனித்தனி பிளேடு வைத்துக்கொண்டால் செலவு இரட்டிப்பு. வாங்கும்போது பலர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

உடம்பு டிரிம்மர்

தாடி டிரிம்மரை இறக்கிக் கொண்டுவருவது வழக்கமான தவறு. அதன் பற்கள் கூர், இடைவெளி அகலம். தளர்ந்த தோல் அந்த இடைவெளியில் புகுந்தால் நறுக்கென்று கிள்ளிவிடும். உடம்புக்கென்று வரும் டிரிம்மரில் பல்முனை உருண்டையாகவும் இடைவெளி நெருக்கமாகவும் இருக்கும். கடையில் சோதிக்க எளிய வழி: உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தளர்ந்த தோலில் அணைத்து வைத்துப் பாருங்கள். பற்களுக்குள் தோல் பிதுங்கினால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.

செராமிக் பிளேடு சீக்கிரம் சூடாகாது, துருப்பிடிக்காது. கீழே விழுந்தால் பல் தெறிக்கும், தெறித்த பல்லோடு ஒருநாளும் பயன்படுத்தக்கூடாது. ஸ்டீல் பிளேடு அடி தாங்கும், ஆனால் மாதத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் கேட்கும். தண்ணீர் விஷயத்தில் எண்ணைப் பாருங்கள். ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், குளிக்கும்போது எடுக்கலாம். ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். தண்ணீர் படலாம் என்று மொட்டையாக எழுதியிருந்தால் தலையை மட்டும் கழற்றிக் கழுவலாம் என்று எடுத்துக்கொள்வது பத்திரம். விளக்கு, டிஜிட்டல் எண், நவரத்தின நிறங்கள் எல்லாம் விலையை ஏற்றவே. விளக்கு மட்டும் குளியலறை இருட்டாக இருந்தால் கொஞ்சம் உதவும்.

முடி நீக்கும் கிரீமைப் பற்றி ஒரு வரி. அது தயோகிளைகோலேட் கலந்த கடும் காரம், முடியைக் கரைப்பது போலத் தோலையும் அரிக்கும். ஆண்களுக்கென்று விற்கும் பலவற்றிலேயே பிறப்புறுப்பில் தடவாதீர்கள் என்று அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

எடுக்கும் முறை

நல்ல கருவியையும் தப்பாகப் பிடித்தால் பயனில்லை. முதலில் உலர்ந்த நிலையில் டிரிம்மரில் 3 மி.மீ. சீப்பு போட்டு எல்லாவற்றையும் குட்டையாக்குங்கள். ஈர முடி தோலோடு படிந்துகொள்ளும், சீப்புக்குள் வராது. கத்தரிக்கோல்தான் இருக்கிறது என்றால் சீப்பால் முடியைத் தூக்கி, சீப்புக்கு மேலே வெட்டுங்கள், விரலுக்கு மேலே அல்ல.

அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம். நனைந்த முடி மென்மையாகி வெட்டுக்கு எளிதாகும். நுரைக்குப் பதில் நிறமில்லாத ஜெல் வாங்குங்கள். வெள்ளை நுரைக்குள் எங்கே மச்சம், எங்கே பரு என்று தெரியாது. மென்தால் கலந்தது வேண்டாம், கன்னத்தில் குளிரும் அதே சரக்கு இங்கே தீயாக எரியும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து நிற்கும் வீடுகளில் ஜெல்லை விட்டால் வேறு வழியில்லை. தேங்காய் எண்ணெய் வழுக்கும்தான், ஆனால் முடியோடு சேர்ந்து பிளேடுச் சந்தை அடைத்துவிடும்.

நின்றுகொண்டு ஒரு காலை முக்காலியில் வைத்து எடுப்பது நல்லது. படுத்துக்கொண்டு எடுப்பவர்களுக்குக் காயம் கூடுதல் என்று மேலே சொன்ன ஆய்வே கண்டது. இடது கையால் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழே, 2 அல்லது 3 செ.மீ. இழுப்பு. ரேசரின் எடையே அழுத்தம், கை அமுக்கக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு. ஓர் இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போகாதீர்கள். எதிர்த்திசையில் ஒரு தடவை போனால்தான் சுத்தம் என்ற ஆசை வரும், மூன்றாம் நாள் பொரிக்கு அந்த ஆசைதான் விதை.

விதைப்பைக்கு ரேசரைக் கீழே வைத்துவிட்டு டிரிம்மர். குளிர்ந்த நீர் ஊற்றியிருந்தால் தோல் சுருங்கிச் சுருக்கங்கள் கூடும், வெதுவெதுப்பில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். விரல்களால் தோலைப் பலூன் மாதிரி விரித்து, காப்பு மூடி போட்ட தலையைத் தட்டையாக வைத்து, மெதுவாக நகர்த்த வேண்டும். நுனியால் குத்துவது போலப் பிடித்தால் கிள்ளும். விரிக்க முடியாத மடிப்பை விட்டுவிடுங்கள், அங்கே நாலு முடி இருந்தால் குடி முழுகிப்போகாது.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், ஒற்றித் துடைத்தல், மணமில்லாத மாய்ஸ்சரைசர் ஒரு சொட்டு. ஆஃப்டர் ஷேவ், படிகாரம், நீர் கலக்காத கிருமிநாசினி மூன்றும் வேண்டாம். கிருமிநாசினியை நேராக ஊற்றி விதைப்பைத் தோல் வெந்துபோவது நடக்கிற காரியம். பவுடரும் வேண்டாம், வியர்வையில் குழைந்து மடிப்பில் கட்டிக்கொள்ளும். இரண்டு நாள் தளர்ந்த பருத்தி உள்ளாடை. அன்றைக்கு ஓட்டம், ஜிம், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். கீறல் ஆறும்வரை உடலுறவும் வேண்டாம்.

கெட்டுப்போனால்

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும். அப்படியும் நிற்காவிட்டால், காயம் வாய் பிளந்திருந்தால், ஆஸ்பத்திரி.

உள்வளரும் முடியை ஊசியால் கிண்டக் கூடாது. வெந்நீர்த் துணி ஒத்தடம், ஆறும்வரை மழிப்புக்கு விடுமுறை. வலியோடு பெரிதாகும் கட்டி, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் மருத்துவர்.

தொடையிடுக்கில் வட்ட வட்டமாக, ஓரம் தடித்து அரிக்கும் படர்தாமரை நம் ஊர் வெக்கையில் சாதாரணம். அது இருக்கும்போது ரேசர் ஓட்டினால் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் பரவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு நாலு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் பிறகு அதைவிட அதிகமாகப் பரப்பும். முதலில் தோல் மருத்துவர், பிறகு மழிப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் ரேசரை விட்டு டிரிம்மரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை நாளுக்கு ஒரு பிளேடு

இஸ்லாமிய மரபில் 40 நாளுக்கு மேல் விடக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. மதம் எதுவானாலும் தோலின் கணக்கில் இது நல்ல இடைவெளி. வாரம் ஒருமுறை ரேசர் போடுபவருக்கு முந்தைய கீறல் ஆறுவதற்குள் அடுத்தது விழுந்துவிடலாம். இடையில் குத்தல் தாங்கவில்லை என்றால் டிரிம்மர் மட்டும் ஓட்டலாம்.

ஐந்து முதல் ஏழு ஷேவுக்கு ஒருமுறை பிளேடு மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம். அது முகத்தையும் சேர்த்த பொதுக்கணக்கு. மாதம் ஒருமுறை கீழே எடுப்பவர் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டால் அரை வருடப் பழைய பிளேடு ஆகிவிடும். ஈரக் குளியலறையில் அத்தனை நாள் கிடந்த பிளேடு விளிம்பில் துருவும் உப்புப் படிவும் ஏறியிருக்கும். கார்டு மாதிரி மலிவு பிளேடு என்றால் ஒவ்வொரு தடவையும் புதியது. முடிந்ததும் உதறி, நிமிர்த்தி, குளியலறைக்கு வெளியே காயவிடுங்கள். வாஷ் பேசின் விளிம்பில் தட்டுவதும் துண்டில் துடைப்பதும் விளிம்பை மடக்கும்.

கீழே போன ரேசர் முகத்துக்கு வரக்கூடாது, அண்ணன் தம்பி கணவன் மனைவி யாருக்குமே கை மாறக்கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும் அதற்கு. ஒரே அலமாரியில் நாலு ரேசர் நிற்கும் வீட்டில் கைப்பிடியில் ஒரு நிற நூல் சுற்றிவையுங்கள்.

தேய்ந்த பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள். பற்பசை அட்டைப் பெட்டிக்குள் போட்டு டேப் சுற்றி, மேலே பிளேடு என்று எழுதிவிட்டால், வாசலில் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல் தப்பும்.